கேட்டுப் பாருங்க: பத்துக் கிலோ வாளும் பர்மா பஜார் ஓநாயும்

போன இதழில் ஒரு வாசகருக்கு, ஐரோப்பாவின் நைட்டுகள், அதாவது அந்தக் காலத்தில் கவசம் போட்டுக் குதிரையில் போன போர்வீரர்கள், வைத்திருந்த வாள் சினிமாவில் காட்டுகிற அளவுக்குக் கனமாக இருந்ததில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இருந்துதான். வாள் என்றதும் வடசென்னைக்காரர்கள் வந்துவிட்டார்கள் பார் என்று எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் கிண்டலடித்தார். பட்டாக்கத்தியை நம் ஊர்க்காரர் கையில் கொடுத்தது சினிமாக்காரர்கள், இங்கே நிஜத்தில் அதிகம் இருப்பது லேத்தும் வெல்டிங் பட்டறையும் என்று சொல்லி அனுப்பினேன். இரும்பைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் கேட்கும் கேள்வியில் ஒரு தெளிவு இருக்கிறது. இந்த வாரம் முழுக்க வாள்தான்.

ஒரு வரி பதில் போதாது சார். உடம்பெல்லாம் இரும்பு போட்டவனை அடிக்க பத்துக் கிலோ வாளாவது வேண்டாமா? இல்லையென்றால் கவசம் எப்படி உடையும்?
*— ஜிம் பயிற்சியாளர், புளியந்தோப்பு*

வாளால் கவசத்தை உடைக்கவில்லை, அதனால் பத்துக் கிலோவும் தேவைப்படவில்லை. ஒரு கையில் பிடிக்கும் நைட் வாள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இரண்டு கையாலும் பிடிக்கும் நீள வாள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். 1825-ல் இங்கிலாந்தில் விதம் என்ற ஆற்றில் கிடைத்த 13-ம் நூற்றாண்டு வாள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 96 செ.மீ., எடை 1.2 கிலோ. 16-ம் நூற்றாண்டில் மூன்று கிலோவைத் தொட்ட பெரிய இரண்டு கை வாள்கள் வந்தது உண்மைதான், அதற்கும் மேலே போனவை ஊர்வலத்தில் தூக்கிக் காட்டச் செய்தவை. பத்துக் கிலோ கதைக்கு அவையும் ஒரு காரணம்.

ஆனால் எடையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் விஷயத்தில் பாதியை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். அந்த 1.2 கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வேலைக்காரனின் கை தெரியும். கிரிக்கெட் மட்டையைச் சரியாகப் பிடித்து ஒரு சுற்று சுற்றுங்கள், அப்புறம் தலைகீழாக, அகலமான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். எடை அதேதான், ஆனால் இரண்டாவது தடவை மட்டை உங்கள் பேச்சைக் கேட்கும். வாள் செய்தவர்கள் இதை மூன்று இடத்தில் சாதித்தார்கள். முதலாவது, அலகின், அதாவது வெட்டும் தகட்டின், தடிமன். பிடியருகே ஐந்து மில்லிமீட்டர் போல ஆரம்பித்து முனைக்குப் போகப் போக இரண்டு மில்லிமீட்டர் போல மெலிந்துவிடும். படத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் படத்தில் நாம் பார்ப்பது அகலத்தை மட்டும். சுவரில் மாட்டும் அலங்கார வாளைக் கையில் எடுத்தால் கடப்பாரையைத் தூக்கியது போல இருப்பதற்கு முக்கியக் காரணம், அதை ஒரே தடிமன் தகட்டில் வெட்டியெடுத்து ஓரத்தை மட்டும் சாணை பிடித்திருப்பார்கள். இரண்டாவது, நடுவில் ஓடும் பள்ளம், அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன். மூன்றாவது, பிடியின் கடைசியில் இருக்கும் இரும்புக் குமிழ். அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறோம். அலகின் கனத்தைக் கைப் பக்கம் இழுத்துக்கொண்டு வரும் எதிர் எடை அது, கூடவே வீசும்போது கை நழுவிப் போகாமலும் தடுக்கும். இத்தனையும் சேர்ந்து, வாளை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தால், பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் குறுக்குச் சட்டத்திலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி நிற்கும். வெட்டுவதற்கென்று செய்ததில் இந்த இடம் கொஞ்சம் முன்னே போகும், குத்துவதற்கென்று செய்ததில் பிடி அருகே வந்துவிடும்.

கவசத்துக்கு வருகிறேன். இரும்பு வளையம் கோத்த சட்டை போட்ட காலத்தில் வாள் அகலமாக, இரண்டு ஓரமும் ஏறக்குறைய இணையாக, வெட்டுவதற்கு வாகாக இருந்தது. 14-ம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் உடம்பை மூட ஆரம்பித்ததும், வாள் முக்கோணமாகக் குறுகி, நடுவில் முதுகெலும்பு போல ஒரு மேடு விட்டு, விறைப்பான முனையோடு மாறியது. அக்குள், முகத்திரை, முழங்கை மடிப்பு என்று இரும்பு மூடாத இடங்களைத் தேடிக் குத்த. வாளைப் பார்த்தே எதிரி என்ன போட்டிருந்தான் என்று சொல்லிவிடலாம். இந்த மாற்றங்களை வைத்துத்தான் 1960-களில் யுவார்ட் ஓக்ஷாட் என்ற ஆங்கிலேயர் நைட் வாள்களுக்கு ரோமன் எண் போட்டு வகை பிரித்தார். இன்றைக்கும் மியூசியங்களில் அந்த எண்தான் புழக்கத்தில் இருக்கிறது.

வாளின் நடுவில் உள்ள பள்ளம் ரத்தம் வழிய வைத்தது என்று டியூஷன் சார் சொன்னார். சரியா?
*— பிளஸ் ஒன் மாணவி, ராயபுரம்*

சார் நல்லவர்தான், இதில் மட்டும் நம்ப வேண்டாம். பள்ளம் இரும்பைக் குறைக்க. நடுவில் உள்ள இரும்பு விறைப்புக்குப் பெரிதாக உதவாது, அதை எடுத்துவிட்டால் எடை குறையும், விறைப்பு அவ்வளவாகக் குறையாது. ரயில்வே தண்டவாளத்தின் குறுக்குவெட்டை உங்கள் பிசிக்ஸ் புத்தகத்தில் பாருங்கள், அதே கணக்கு. சுரண்டி எடுத்தது மட்டும் இல்லை, பெரும்பாலும் சூட்டில் அடித்தே பள்ளமாக்கி, பிறகு சாணையில் சரிசெய்தார்கள்.

தெர்மோமீட்டர் இல்லை, கரண்ட் இல்லை, ஸ்டீல் என்ன கிரேடு என்று சீட்டும் இல்லை. எப்படிச் சூடாக்கிக் குளிரவைத்து டெம்பர் போட்டார்கள்? பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தால் அந்தத் தரம் வருமா?
*— லேத் பட்டறைக்காரர், கொருக்குப்பேட்டை*

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டாவதற்கு முதலில் பதில்: பட்டை புதிதாக இருந்தால் அதைவிட மேலாகவே வரும். லாரி பட்டை எங்கே வெட்டினாலும் ஒரே கலவை. இன்றைக்கு ஐரோப்பாவில் பழைய வாள் சண்டையைப் பயில்கிறவர்கள் கையில் இருப்பதில் நிறைய ஸ்பிரிங் ஸ்டீல்தான். ஓடித் தேய்ந்த பட்டை என்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கும், அது வேறு கதை. நம் டேராடூனில் 1943-ல் ஆரம்பித்த விண்ட்லாஸ் என்ற கம்பெனி இந்த மாதிரி வாள்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, அது நம்மில் பலருக்கே தெரியாது.

நைட் காலத்துக் கொல்லனுக்கு இந்த ஒரே கலவை என்ற சௌகரியம் கிடையாது. கரியும் தாதுவும் போட்டுத் துருத்தி ஊதிய உலையில் இரும்பு உருகவில்லை. உருக 1538 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டுக்கு அந்த உலை போகாது. கசடு உருகி ஓட, பொந்தும் பொத்தலுமாக ஒரு இரும்புக் கட்டி அடியில் தங்கும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். அப்போதும் அதே கட்டியில் ஒரு மூலையில் கார்பன் ஏறி எஃகாக இருக்கும், இன்னொரு மூலையில் வெறும் மென்மையான இரும்பு. கொல்லன் துண்டுகளாக உடைத்து, உடைந்த இடத்தில் மணிமணியாகத் தெரிவதைப் பார்த்தே பிரித்தான். எஃகைத் தனியாக, இரும்பைத் தனியாக அடுக்கி, உலையில் வெள்ளைச் சூட்டில் ஒட்டவைத்து, மடித்து, திரும்ப ஒட்டினான். எஃகு விலை கூடினது என்பதால் ஓரத்துக்கு மட்டும் எஃகு, நடுவுக்கு இரும்பு என்றும் செய்தார்கள். மியூசியத்து வாள்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் ஒரே அலகில் சில இடம் நன்றாக இறுகியும் சில இடம் இறுகாமலும் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். எல்லா நைட் வாளும் அற்புதம் என்று நினைக்க வேண்டாம், சுமாரானதும் நிறைய.

இப்போது டெம்பர். அலகைச் சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், அளக்கக் கருவி கண்தான். சூட்டின் நிறம் வெயிலில் ஏமாற்றும், நிழலான பட்டறையில்தான் சரியாகத் தெரியும். அதிலும் ஒரு முழத்துக்கு மேல் நீளமான தகட்டை நுனி முதல் அடி வரை ஒரே நிறத்துக்குக் கொண்டு வருவது இருக்கிறதே, அங்கேதான் கை தேர்ந்தவனும் கற்றுக்குட்டியும் பிரிகிறார்கள். மெல்லிய நுனி முதலில் காய்ந்துவிடும், அடி இன்னும் கறுப்பாக இருக்கும். அலகை நெருப்புக்குள் முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே, நுனியைக் காப்பாற்றிக்கொண்டே, அடியைக் காய்ச்ச வேண்டும். அப்புறம் தண்ணீரிலோ எண்ணெயிலோ இறக்குவது. கொஞ்சம் சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு குளிர்ந்து அலகு வளைந்துவிடும். இரண்டு வாரம் அடித்த வேலை அந்த ஓரிரு நொடியில் கோணிக்கொண்டு வெளியே வரும், இல்லை ‘டிங்’ என்ற சத்தத்தோடு வெடிப்பு விழும். பட்டறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

தப்பித்து வந்த அலகு இறுகியிருக்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம். டூல் பிட் தீட்டுகிறவர்கள் தினமும் பார்க்கும் அதே நிற ஓட்டம்தான். வாளுக்கு நீலப் பக்கம் போனால்தான் வளைந்து திரும்பும் குணம் வரும். இரண்டு தடவை சூடு காட்டாமல் குறுக்கு வழியில் போனவர்களும் உண்டு: முழுசாக ஆறும் முன்னே தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவது, உள்ளே மிச்சமிருக்கும் சூடே மீதி வேலையைச் செய்துகொள்ளும்.

இவ்வளவும் ஒரே ஆள் செய்ததாக நினைக்காதீர்கள். ஜெர்மனியின் டான்யூப் ஆற்றங்கரையில் பாஸாவ், கொலோன் பக்கத்தில் ஸோலிங்கன், இத்தாலியில் மிலான், ஸ்பெயினில் டொலேடோ என்று அலகு அடிக்கும் ஊர்கள் தனியாக இருந்தன. அலகு மட்டும் பீப்பாயில் அடைத்து வேறு ஊருக்குப் போகும். அங்கே சாணை பிடிக்கிறவர், பிடி போடுகிறவர், உறை செய்கிறவர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. லண்டனில் கத்தி வேலைக்காரர்களின் சங்கத்துக்கு 1416-லேயே ராஜா பட்டயம் கொடுத்திருக்கிறார். பிடி போடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அலகின் காம்பு, மரப்பிடிக்குள்ளே நுழைந்து குமிழையும் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும், அந்த நுனியைச் சூடாக்கி ரிவெட் மாதிரித் தட்டிவிட்டால் சட்டம், பிடி, குமிழ் மூன்றும் ஒரே இறுக்கமாக உட்கார்ந்துவிடும். மரத்தின் மேல் நூல் சுற்றி, தோல் இழுத்து ஒட்டுவார்கள். உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டை, மேலே தோல், உள்ளே சிலவற்றில் ஆட்டு ரோமம்.

குறுக்கே ஒரு கம்பி இருப்பது சிலுவைக்காகத்தானே? அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட இடைஞ்சலாக இருக்காதா?
*— சிலம்பம் ஆசிரியர், தண்டையார்பேட்டை*

சிலுவை என்று மனிதர்கள் பிறகு பார்த்துக்கொண்டார்கள், நைட்டுகளும் அதில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். ஆனால் கம்பி நீண்டதற்குக் காரணம் கையைக் காப்பாற்றுவது. எதிரியின் அலகு உங்கள் அலகில் சறுக்கி இறங்கும்போது விரலுக்கு முன்னால் ஏதாவது ஒன்று நிற்க வேண்டுமே. உங்களுக்குப் பிடிக்கப் போகிற விஷயம் இன்னொன்று. வாளைப் பிடியில் மட்டும் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் விதி வைத்துக்கொள்ளவில்லை. கவசம் போட்டவனோடு மோதும்போது இடது கையால் அலகின் நடுவையே பிடித்துக்கொண்டு ஈட்டியாகக் குத்தினார்கள். இரண்டு கையாலும் அலகைப் பிடித்து, குமிழாலும் குறுக்குச் சட்டத்தாலும் தலையில் சம்மட்டி அடி கொடுத்ததற்கும் ஓவியம் இருக்கிறது. ஃபியோரே என்ற இத்தாலிய வாத்தியார் 15-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் படத்தோடு எழுதி வைத்த சுவடி இன்றும் இருக்கிறது. அதற்கும் நூறு வருஷம் முந்தையது, சின்னக் கேடயமும் வாளும் வைத்து ஒரு பாதிரியார் மாணவனுக்குச் சொல்லித்தரும் ஜெர்மன் சுவடி, இங்கிலாந்தின் ராயல் ஆர்மரீஸ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணும் வாள் பழகுகிறார். உங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் அப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நைட்டுகளின் வாளெல்லாம் தமிழ்நாட்டு எஃகில் செய்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
*— ஜவுளிக்கடை ஊழியர், மண்ணடி*

தமிழ்நாட்டு எஃகு பெரிய சாதனை என்பது உண்மை. நைட் வாளெல்லாம் அதில் செய்தது என்பது உண்மை இல்லை. இரண்டையும் ஒரே மெசேஜில் போட்டு அனுப்பி, உண்மையானதையும் யாரும் நம்பாதபடி செய்துவிடுகிறார்கள்.

ஈரோடு பக்கம் கொடுமணலிலும் தென்னாற்காடு பக்கம் மேல்சிறுவலூரிலும் பழைய இரும்பு, எஃகு வேலையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்புத் துண்டையும் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மூசை என்ற களிமண் உருக்குக் கலத்துக்குள் வைத்து மூடி, மணிக்கணக்கில் ஊதி எடுக்கும் முறையை 19-ம் நூற்றாண்டில் சேலம் பக்கம் பார்த்த வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மைக்கேல் ஃபாரடே, ஆமாம் மின்சாரத்து ஃபாரடேதான், 1819-ல் லண்டனில் உட்கார்ந்து இந்த எஃகில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். மேற்கு ஆசியாவின் அலை அலையான கோலம் ஓடும் வாள்களுக்குத் தென்னிந்திய எஃகு போயிருக்கிறது.

நைட் வாள் பெரும்பாலும் அவர்கள் ஊர் உலையில் வந்த இரும்புதான். நம் எஃகில் கார்பன் அதிகம், ஐரோப்பியக் கொல்லன் பழகிய வெள்ளைச் சூட்டுக்குக் கொண்டு போனால் சம்மட்டியின் கீழே நொறுங்கிவிடும், மங்கிய சிவப்பில் வைத்துப் பொறுமையாக அடிக்க வேண்டும். நைட்டுகளுக்கு முந்தைய, 9, 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘உல்ஃப்பெர்ட்’ என்று பெயர் பொறித்த வாள்களில் சிலவற்றில் மட்டும் கார்பன் அசாதாரணமாகக் கூடியிருக்கிறது. அது கிழக்கிலிருந்து வோல்கா ஆற்று வழியாக வந்த மூசை எஃகாக இருக்கலாம் என்று ஆலன் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னார், மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் இங்கிருந்துதான் றெக்கை கட்டிக்கொண்டது.

எனக்கு இதைவிடச் சுவாரசியம் எதிர்த் திசையில் நடந்தது. போர்ச்சுகீசியர் வந்த பிறகு ஐரோப்பிய அலகுகள் கப்பல் கப்பலாக இங்கே இறங்கின. நம்மவர்கள் அலகை வைத்துக்கொண்டு பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, நம் ஊர்ப் பிடியைப் பொருத்தினார்கள். வடக்கே அதற்கு ஃபிரங்கி என்றே பேர். தஞ்சாவூர் அரண்மனையின் குத்துவாள்கள் சிலவற்றில், யாளி முகம் வைத்த நம் பிடிக்குள் ஐரோப்பிய வாளின் அலகு இருக்கிறது. தஞ்சாவூர் ஆயுதங்களைப் பார்க்க நியூயார்க் மியூசியம் வரை போக வேண்டாம், எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. மண்ணடியிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு தூரம்? வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள்.

வாளில் பேர் பொறிக்கிறது கம்பெனி முத்திரையா, மந்திரமா?
*— ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர், திருவொற்றியூர்*

இரண்டும். முதல் கேள்வியில் சொன்ன விதம் ஆற்று வாளில் தங்கக் கம்பியால் பதினெட்டு எழுத்து இருக்கிறது, என், டி, எக்ஸ், ஓ, எக்ஸ் என்று போகும். 2015-ல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரி அதைக் கண்காட்சியில் வைத்து, யாருக்காவது புரிகிறதா என்று ஊரையே கேட்டது. ஆளுக்கொரு விளக்கம் வந்தது, ஒத்துக்கொண்ட விடை வரவில்லை. லத்தீன் ஜெபத்தின் முதலெழுத்துகள் என்பவர்கள் அதிகம். பொறிக்கும் முறை மட்டும் தெளிவு: உளியால் மெல்லிய தடம் வெட்டி, அதற்குள் கம்பியை வைத்துத் தட்டி இறக்கி, மேலே தேய்த்துச் சமப்படுத்துவது.

முத்திரை என்றால் பாஸாவ் ஊரின் ஓடும் ஓநாய். அந்த ஓநாய் இருந்தால் வாளுக்கு மவுசு. அதனால் ஸோலிங்கன்காரர்களும் தங்கள் அலகில் ஓநாயைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். மேலே சொன்ன உல்ஃப்பெர்ட் பெயரும் அப்படித்தான், எழுத்து மாறிப்போனவை நிறைய, எஃகின் தரமும் வாளுக்கு வாள் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். பர்மா பஜாரில் வாட்ச் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பங்கில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்கு ரோமப் படைவீரர்களுக்கு நைட் வாள் செய்யலாம் என்றிருக்கிறோம். பட்டறையில் இரும்பிலேயே அடிக்கலாமா?
*— நாடகக் குழு, காசிமேடு*

இரும்பு, நைட் வாள் இரண்டுமே வேண்டாம். இரும்பில் அடித்தால் சட்டம் குறுக்கே நிற்கும். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகளில் வாள் பெயர் சொல்லியே இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் வீட்டு வேலை, விவசாயம் போன்ற வேலைகளுக்கானவை தவிர அதே பட்டியலில்தான். நாடகத்துக்கு என்று ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டு நிற்பதற்கு நேரம் இருக்குமா?

நைட் வாள் ஏன் வேண்டாம் என்றால், உங்கள் நாடகத்தில் வரும் ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்களுக்கும் நைட்டுகளுக்கும் நடுவே ஆயிரம் வருஷம் கிடக்கிறது. நீளமான குறுக்குக் கம்பி அவர்களிடம் இல்லை. ரோமக் காலாள் வீரனின் வாள் குட்டை, அலகு 50 செ.மீ. போல. கைக்கு முன்னால் கட்டையாக ஒரு மரத் தடுப்பு, எலும்புப் பிடி, கடைசியில் உருண்டையாக ஒரு மரக் குமிழ். உங்களுக்கு வசதிதான், அசலிலேயே பாதி மரம். தச்சரிடம் லேசான மரத்தில் செய்யச் சொல்லுங்கள், நுனியை மழுக்கி, ஓரத்தை உருட்டி, அலகுக்கு மட்டும் அலுமினியப் பெயிண்ட். குமிழை ஆணியில் நிறுத்தாமல் காம்பு விட்டுப் பசை போட்டு ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாலாவது காட்சியில் அது கழன்று முதல் வரிசையில் இருப்பவர் மடியில் போய் விழும்.